பக்கத்தின் முகம்

நுழையும்முன்

விருந்தினர் ஒருவர் ஒரு வீட்டின் வாயிலை அடைகிறார். வீட்டாரின் அன்பை அவர் இன்னும் அறியவில்லை. சமையலின் சுவையையும் அறியவில்லை. ஆயினும், நீர் தெளித்து இட்ட வாசற்கோலம் 'வருக' என்று முன்னரே சொல்லிவிடுகிறது. படிக்கும் பக்கத்திற்கும் இத்தகைய வாயில் உண்டு. எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையிலான வெளி, வண்ணம், படம், தலைப்பு ஆகியன சேர்ந்து பக்கத்தின் முகமாக அமைகின்றன. அந்த முகம் படிப்பவரின் உள்ளத்தில் எத்தகைய உணர்வை எழுப்புகிறது? படித்தது நினைவில் நிற்பதற்கு அது எவ்வாறு துணை செய்கிறது? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கடினமானது எது?

தமிழ்நாட்டிற்கு வெளியே பிறந்து வளரும் மாணவி ஒருத்தி, பாட்டி சொன்ன நாட்டுப்புறக் கதை ஒன்றைக் கைப்பேசியில் தேடுகிறாள் எனக் கொள்வோம். முதலில் திறந்த பக்கத்தில் எழுத்துகள் பொடிப்பொடியாக நெருங்கிக் கிடக்கின்றன. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கண்ணைக் கூசச் செய்கிறது. பத்தி பிரிக்கப்படவில்லை. இரண்டு வரி படிப்பதற்குள் விளம்பரம் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. "எனக்குத் தமிழ் வராது அம்மா, மிகவும் கடினம்" என்று சொல்லிவிட்டு அவள் கைப்பேசியை வைத்துவிடுகிறாள்.

மறுநாள் அதே கதை வேறொரு பக்கத்தில் கிடைக்கிறது. எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. வரிகளுக்கு இடையே போதிய வெளி இருக்கிறது. பத்திகள் சிறியன. அம்மாணவி எழுத்துக் கூட்டியேனும் கதையை இறுதிவரை படித்து முடிக்கிறாள். இரவில் அதைத் தன் தம்பிக்குச் சொல்லவும் செய்கிறாள்.

இரண்டு பக்கங்களிலும் கதை ஒன்றே, சொற்களும் அவையே. அவ்வாறாயின் முதல் நாள் அவளுக்குக் கடினமாக இருந்தது தமிழா, பக்கமா? பக்கத்தின் குறையை மொழியின் குறையாகவோ தன் குறையாகவோ எண்ணிவிடுவது எளிது. ஆகவே பக்க அமைப்பு என்பது வெறும் அலங்காரம் அன்று. ஒருவர் ஒரு மொழியை நெருங்குவதும் அதனை விட்டு விலகுவதும் சில வேளைகளில் அதனைப் பொறுத்தே அமைகின்றன.

கண்ணிமைக்கும் பொழுதினும் விரைவு

இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை எனத் தமிழ் இலக்கணம் வகுத்துள்ளது. அதனினும் குறுகிய பொழுதில் மனிதர் ஒரு பக்கத்தைப் பற்றி முடிவு செய்துவிடுகின்றனர் என்பது வியப்பிற்குரியது.

கனடா நாட்டின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. இணையப் பக்கங்கள் 50 மில்லிநொடி மட்டும், அதாவது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு மட்டும், பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டன. அதற்குள் ஒரு சொல்லைக்கூட நிதானமாகப் படிக்க இயலாது. எனினும் அவர்கள் 'இது அழகு', 'இது அழகன்று' என மதிப்பிட்டனர். பத்து மடங்கு நேரம் காட்டியபோது அளித்த மதிப்பீடும் இதனோடு பெரிதும் ஒத்திருந்தது. கண் படிக்கத் தொடங்குமுன் மனம் தீர்ப்பை எழுதிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

'முதற்கோணல் முற்றும் கோணல்' என்பது பழமொழி. முதற்பார்வையில் வெறுப்பு எழுந்துவிட்டால், பின்னர்ப் படிக்கும் நல்ல கருத்தும் அவ்வெறுப்பின் ஊடாகவே மனத்தை அடைகிறது.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

பக்க அமைப்பு இணையத்தோடு பிறந்ததன்று. தமிழ் எழுத்தின் வரலாறு முழுவதும் படிப்பவருக்கு வழிவிட்டுக்கொண்டே வந்த வரலாறு எனலாம்.

ஓலைச்சுவடிகளில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும் என்பதால், புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. அதனால் 'கல' என்பதும் 'கல்' என்பதும் ஒன்றுபோலவே தோன்றின. குற்றெழுத்தாகிய எகரத்தின்மேல் புள்ளியிடுவது அக்கால முறை. புள்ளி இல்லாத நிலையில் 'எரி', 'ஏரி' ஆகியவற்றையும் வேறுபடுத்த இயலவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருந்தமையால் 'கர' என்று படிப்பதா 'கா' என்று படிப்பதா என்னும் மயக்கமும் உண்டாயிற்று. சொற்களுக்கு இடையே இடம் விடுவதில்லை. செய்யுளும் உரைநடைபோல் ஓடிக்கொண்டே செல்லும். முன்னரே பாடலை அறிந்தவருக்கு அது துன்பமன்று. புதிதாகப் படிப்பவருக்கோ ஒவ்வோர் அடியும் ஒரு புதிராக இருந்தது.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நூல் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவினார். ஜெர்மனியில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அவை தாளை அதிகமாக விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் பின்னர் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. எழுத்தின் அளவு என்பது அன்றே பொருட்செலவோடும் படிக்கும் வசதியோடும் பிணைந்திருந்தது.

வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தினார். ஒரு சிறு கோடும் ஒரு சிறு சுழியும் படிப்பவரின் மயக்கத்தை நீக்கின. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தொடர்ந்து வெளியிட்ட சங்க நூல்களில் முன்னுரை, குறிப்புரை, அகராதி போன்ற துணைகளையும் சேர்த்தார். அறிஞர் சிலருக்கே உரியதாக இருந்த நூல் அவ்வமைப்பினால் மாணவர் கைக்கும் எட்டியது. நூலின் சொற்களை அவர் மாற்றவில்லை. அதனை அடையும் வழியைச் செப்பனிட்டார்.

எழுத்தின் வடிவமும் நினைவும்

தாத்தா பாட்டியர் வைத்திருக்கும் பழைய நூல்களைப் புரட்டிப் பார்க்கும் மாணவர்கள் சில எழுத்துகளைக் கண்டு திகைப்பது உண்டு. 'லை', 'ளை', 'னை', 'ணை' ஆகிய எழுத்துகளின் தலையில் யானையின் துதிக்கைபோல் ஒரு வளைவு சுருண்டிருக்கும். 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றில் கால் தனியே நில்லாமல் எழுத்தோடு இணைந்திருக்கும். தந்தை பெரியார் 1930களில் தம் இதழில் பயன்படுத்திய சீரமைப்பைத் தழுவி, 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளின் வடிவங்களை மாற்றி ஆணையிட்டது. இன்று பாடநூல்களில் காணப்படுபவை அச்சீர்திருத்தத்திற்குப் பிந்திய வடிவங்களே.

புதிய வடிவம் கற்பவருக்கு எளிது, தட்டச்சுக்கும் ஏற்றது. ஆனால் பழைய வடிவத்தில் படித்து வளர்ந்த முதியவர் ஒருவர் துதிக்கை வளைந்த அந்த எழுத்தைக் காணும்போது அவர் முகம் மலர்வதைக் காணலாம். தம் பள்ளியும் ஆசிரியரும் முதன்முதலில் படித்த கதையும் அவ்வெழுத்தோடு சேர்ந்தே நினைவிற்கு வருகின்றன. ஒரு சொல் தரும் பொருள் வேறு. அச்சொல்லின் உருவம் தட்டி எழுப்பும் நினைவு வேறு. பக்கத்தைப் படிப்பவர் இரண்டையும் ஒருங்கே பெறுகிறார்.

திரையில் தமிழ்

டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய முதல் இணையதளம் 1991ஆம் ஆண்டு உலகிற்கு அறிமுகமாயிற்று. அதில் படமில்லை, அலங்காரமில்லை. எழுத்துகளும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. 1993இல் வந்த மொசைக் என்னும் உலாவி எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. அது முதல் இணையப் பக்கத்திற்கும் முகம் ஒன்று உண்டாயிற்று.

தமிழ் இணையத்தில் கால்வைத்த காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. எழுதியவர் பயன்படுத்திய எழுத்துரு படிப்பவரின் கணினியில் இல்லையெனில், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். தொலைநாட்டில் வாழ்ந்த தமிழர் தாய்மொழிச் செய்தியைத் தேடித் திறந்து, கட்டங்களையும் கிறுக்கல்களையும் கண்டு ஏமாந்த நாள்கள் பல. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் பொதுவான குறியீட்டு முறைகளும் விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. பின்னர் ஒருங்குறி என்னும் யூனிகோடு பரவலாயிற்று. 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. இன்று தில்லியில் எழுதியதை டொராண்டோவில் அவ்வாறே படிக்க முடிகிறது.

எனினும் எழுத்து தோன்றுவது வேறு; இனிதாகத் தோன்றுவது வேறு. ஆங்கிலத்திற்கென அமைத்த பக்கத்தில் தமிழை அப்படியே இட்டு நிரப்பினால் இரண்டு இடர்கள் நேர்கின்றன. 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் விலங்கு மேலே உயர்கிறது. 'கு', 'மூ' போன்றவற்றின் அடிப்பகுதி கீழே இறங்குகிறது. ஆகவே வரிகளுக்கு இடையே போதிய வெளி இல்லையெனில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் மோதுகின்றன. இது முதல் இடர். தமிழ்ச் சொற்கள் உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து நீள்பவை. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது எழுத்தில் ஒரே சொல்லாக நிற்கிறது. கைப்பேசியின் குறுகிய திரையில் இருபுறமும் ஓரம் சீராக அமையும்படி அடுக்கினால் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் தோன்றுகின்றன. இது இரண்டாம் இடர். வரி இடைவெளியைக் கூட்டி, இடப்புற ஓரத்தை மட்டும் சீராக்கினால் இரண்டும் தீரும். மொழியின் இயல்பை அறிந்து பக்கம் அமைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மனநிலையை மாற்றும் அமைப்பு

அழகான அமைப்பு பயன்பாட்டையும் எளிதாகத் தோன்றச் செய்கிறது. ஜப்பானில் மசாக்கி குரோசு, காவோரி காஷிமுரா ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். பணம் வழங்கும் இயந்திரத் திரையின் 26 அமைப்புகளை அவர்கள் 252 பேரிடம் காட்டினர். பொத்தான்கள் இருந்த இடங்கள் மட்டுமே வேறுபட்டன. அவற்றின் செயல்கள் ஒன்றே. அழகியது எனக் கருதிய அமைப்பையே மக்கள் எளியது என்றும் மதிப்பிட்டனர். ஜப்பானியர் அழகுணர்ச்சி மிக்கவர் என்பதால் இவ்வாறு நேர்ந்திருக்கலாம் என்று ஐயுற்ற நோவாம் டிராக்டின்ஸ்கி, இஸ்ரேலில் அதே ஆய்வைச் செய்து பார்த்தார். அங்கே அத்தொடர்பு இன்னும் வலுவாகவே காணப்பட்டது.

படிப்பின்பத்தைப் பற்றிய மற்றோர் ஆய்வைக் கெவின் லார்சன், ரோசலிண்ட் பிக்கார்டு ஆகிய இருவரும் செய்தனர். ஒரு பிரிவினருக்கு நன்கு அமைக்கப்பட்ட பக்கங்களும், மற்றொரு பிரிவினருக்கு மோசமாக அமைக்கப்பட்ட பக்கங்களும் கொடுக்கப்பட்டன. படிக்கும் வேகத்திலும் புரிந்துகொள்வதிலும் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் படித்தீர்கள் என்று வினவியபோது, நல்ல பக்கங்களைப் படித்தவர்கள் உண்மையான நேரத்தைவிடக் குறைவாகக் கூறினர். பொழுது போனதே அவர்களுக்குத் தெரியவில்லை. அதன்பின் கொடுக்கப்பட்ட, புதுமையாகச் சிந்திக்க வேண்டிய புதிரையும் அவர்களே சிறப்பாக விடுவித்தனர். சிறிய குழுக்களைக் கொண்டு செய்த ஆய்வே எனினும், இது ஓர் உண்மையைச் சுட்டுகிறது. பக்கத்தின் அழகு அறிவைக் கூட்டுவதில்லை. படிப்பவரின் மனநிலையைச் செம்மை செய்கிறது. செம்மையான மனநிலையில் செய்யும் செயல் சிறக்கிறது.

எது நினைவில் நிற்கும்?

ஒரு பட்டியலில் பலவும் ஒன்றுபோல் இருக்க, ஒன்று மட்டும் வேறுபட்டு நின்றால் அதுவே மனத்தில் பதிகிறது. இதனை 1933ஆம் ஆண்டு ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்னும் ஜெர்மானிய உளவியலார் ஆராய்ந்து வெளியிட்டார். பாடநூலில் முக்கியமான தொடர் மட்டும் தடித்த எழுத்தில் இருப்பது இக்காரணத்தினால்தான். ஆனால் பக்கம் முழுவதையும் மஞ்சள் மையால் நிரப்பும் மாணவருக்கு இதனால் பயனில்லை. எல்லாமே தனித்துத் தெரியும் இடத்தில் எதுவுமே தனித்துத் தெரிவதில்லை.

இடமும் நினைவிற்குத் துணையாகிறது. தேர்வறையில் விடை தேடும் மாணவர், 'இடப்பக்கத்தில், மேலே, படத்திற்கு அருகில் இருந்ததே' என்று எண்ணுவது உண்டு. எர்ன்ஸ்ட் ராத்காஃப் என்பவர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், படித்தவர்கள் செய்தியை மட்டுமன்றி, அது பக்கத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதையும் தம்மையறியாமல் நினைவில் கொண்டிருந்தமை தெரியவந்தது. அச்சு நூலில் சொல்லுக்கு நிலையான வீடு உண்டு. உருட்டிச் செல்லும் திரையிலோ வரிகள் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 1,70,000க்கும் மேற்பட்டோரையும் கருத்தில் கொண்டு ஒப்பிட்டது. செய்தி விளக்கும் உரைகளைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்கள் ஓரளவு நன்றாகப் புரிந்துகொண்டனர் என்பது அதன் முடிவு. நேர நெருக்கடி இருந்தபோது இவ்வேறுபாடு மிகுந்தது. திரையில் நீண்ட கட்டுரை அமைப்போர் துணைத்தலைப்புகளையும் படங்களையும் மைல்கற்களைப்போல் நிறுத்துவது படிப்பவருக்கு அவ்விட உணர்வைத் திருப்பித் தருவதற்கே.

படிக்கக் கடினமான எழுத்தில் இருந்தால் மனம் ஊன்றிப் படிக்கும். ஆகவே நன்கு நினைவில் நிற்கும் என்றொரு கருத்தும் எழுந்தது. 2011இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு அதனை ஆதரித்தது. 2018இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் 'சான்ஸ் ஃபர்கெட்டிகா' என்னும் எழுத்துரு, இடையிடையே கோடுகள் விடுபட்டுச் சாய்ந்த வடிவில், நினைவை வளர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. உலகெங்கும் அது பேசப்பட்டது. ஆனால் 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில் 882 பேரைக் கொண்டு சோதித்தபோது, அவ்வெழுத்து நினைவிற்கு உதவவில்லை என்று தெரிந்தது. படிப்பதற்குத் துன்பமாக இருந்தது; பயன் மட்டும் கிட்டவில்லை. ஆய்வின் ஒரு முடிவை மற்றோர் ஆய்வு சரிபார்ப்பதே அறிவியலின் நேர்மையாகும். நினைவில் நிறுத்துவதற்கு வேண்டிய உழைப்பு கருத்தைச் சிந்திப்பதில் இருக்க வேண்டும். எழுத்தைக் கண்டுபிடிப்பதில் இருத்தல் கூடாது.

அழகும் உண்மையும்

பக்கத்தின் முகம் உணர்வை ஆளும் எனில், அதனைத் தீய நோக்கத்திற்கும் பயன்படுத்த இயலும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. ஜே. ஃபாக் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இணையதளங்களின் நம்பகத்தன்மையை 2,684 பேர் மதிப்பிட்டனர். அவர்கள் எழுதிய கருத்துகளுள் ஏறத்தாழப் பாதி, அதாவது நூற்றுக்கு 46 பங்கு, தளத்தின் தோற்றத்தைப் பற்றியனவாக இருந்தன. எழுதியவர் யார், சான்று யாது என்று ஆராய்வதற்கு முன்னரே, தோற்றத்தைக் கண்டு பலர் நம்பிவிடுகின்றனர் என்பதை இது காட்டுகிறது.

'இன்னும் இரண்டு நிமிடமே உள்ளது' என்று இல்லாத அவசரத்தை உண்டாக்குதல், மறுக்கும் பொத்தானை மங்கிய எழுத்தில் ஒளித்துவைத்தல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுதல் போன்ற சூழ்ச்சியான அமைப்புகளை 'டார்க் பேட்டர்ன்' என்பர். இத்தகைய 13 வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. பக்க அமைப்பு சட்டம் கவனிக்க வேண்டிய பொருளாகிவிட்டது என்பது இதனால் புலனாகும்.

ஆகவே படிப்பவருக்கு இரு கடமைகள் உண்டு. அழகிய பக்கத்தைக் கண்டவுடன் நம்பிவிடாமல், எழுதியவர் யார், எப்போது எழுதியது, சான்று உண்டா என ஆராய்தல் ஒன்று. அழகற்ற பக்கத்தைக் கண்டவுடன் ஒதுக்கிவிடாமல், அதில் உள்ள கருத்தைத் தேடுதல் மற்றொன்று. அரிய தமிழ் நூல்கள் பல இன்று மங்கிய தாள்களின் ஒளிப்படங்களாகவே இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றின் முகம் வாடியிருக்கலாம், அகம் வாடவில்லை.

நல்ல பக்கத்தின் இலக்கணம்

நல்ல பக்கம் தன்னை மறைத்துக்கொண்டு கருத்தை முன்னே நிறுத்தும். அதில் எழுத்து போதிய அளவில் இருக்கும். பின்னணிக்கும் எழுத்திற்கும் தெளிவான நிறவேறுபாடு இருக்கும். ஒரு பத்தியில் ஒரு கருத்தே இடம்பெறும். படம் கருத்திற்குத் துணை நிற்கும்; வெற்றிடத்தை நிரப்புவதற்காக வந்து அமராது. வெற்றிடமும் அங்கே வீணன்று; பாடலின் நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடத்தைப் போன்றது அது. பார்வைக் குறைபாடு உடையவரும் முதியவரும் புதிதாகத் தமிழ் கற்பவரும் இடரின்றிப் படிக்க வேண்டும் என்னும் எண்ணமே அமைப்பவரின் முதல் விதி.

ஆயினும், 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்'. கருத்தில்லாத பக்கத்தை எந்த வண்ணமும் காப்பாற்றாது. கருத்துள்ள பக்கத்தையோ கவனமற்ற அமைப்பு படிப்பவரிடமிருந்து மறைத்துவிடும்.

கதையைப் பாதியில் விட்ட மாணவியிடம் மீண்டும் வருவோம். 'எனக்குத் தமிழ் வராது' என்று அவள் சொன்ன முதல் நாள் தீர்ப்பு பிழையானது. மறுநாள் அவள் படித்ததும் அதே தமிழைத்தான். அவளுக்காக ஒருவர் வரிகளைத் தளர்த்தி, எழுத்தைத் தெளிவாக்கி, வாயிலில் கோலம் இட்டு வைத்திருந்தார். அவள் உள்ளே சென்றாள். இன்று படிக்கும் மாணவர்களுள் சிலர் நாளை தமிழ்ப் பக்கங்களை அமைப்பவராக விளங்கக்கூடும். அப்போது எங்கோ ஒரு நகரில், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு சிறுமி அப்பக்கத்தைத் திறப்பாள் என்பதை அவர்கள் நினைவில் கொள்வது நன்று.

சொல்லும் பொருளும்

சுவடி – எழுதப்பட்ட ஓலைகளின் கட்டு
எழுத்தாணி – ஓலையில் எழுதப் பயன்படும் கூரிய கருவி
மாத்திரை – எழுத்தை ஒலிக்கும் கால அளவு
விலங்கு – 'கி', 'கீ' போன்றவற்றின் மேல் அமையும் வளைவு
எழுத்துரு – அச்சிலும் திரையிலும் எழுத்து தோன்றும் வடிவம்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை
அகப்பை – உணவை அள்ளப் பயன்படும் கரண்டி
புலனாகும் – தெரியவரும்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு அச்சிடப்பட்ட தமிழ் நூல் ________.
2. எகர ஏகாரங்களை வடிவத்தால் வேறுபடுத்தியவர் ________.
3. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய எழுத்துகள் ________.
4. இணையத்தில் எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய உலாவி ________.

ஆ. சரியா, தவறா எனக் கூறிக் காரணம் எழுதுக.

1. படிக்கக் கடினமான எழுத்துரு நினைவாற்றலை வளர்க்கும்.
2. பக்கம் முழுவதையும் வண்ணமிட்டால் எல்லாம் நன்கு நினைவில் நிற்கும்.
3. அழகிய தோற்றம் உடைய பக்கத்தில் இருப்பவை யாவும் உண்மையே.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஓலைச்சுவடியில் புள்ளியிடாமல் எழுதியதன் காரணம் யாது?
2. தேர்வறையில் மாணவருக்கு இடம் எவ்வாறு நினைவிற்குத் துணையாகிறது?
3. தமிழ் எழுத்துகளுக்கு வரி இடைவெளி மிகுதியாகத் தேவைப்படுவது ஏன்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. லார்சன், பிக்கார்டு ஆகியோரின் ஆய்வு உணர்த்தும் உண்மை யாது?
2. 'முகம் வாடியிருக்கலாம், அகம் வாடவில்லை' என்னும் தொடர் எதனைக் குறிக்கிறது? விளக்குக.
3. 'கடினமாக இருந்தது தமிழா, பக்கமா?' என்னும் வினாவிற்கு உம் சொந்த அனுபவத்தைக் கொண்டு விடை எழுதுக.

உ. பிரித்து எழுதுக.

முதற்பார்வை, கண்ணிமை, வெற்றிடம், ஓலைச்சுவடி

ஊ. செயல்பாடு

1. வீட்டிலுள்ள பெரியவர்களிடம், அவர்கள் சிறுவயதில் படித்த நூல் அல்லது இதழின் தோற்றத்தைப் பற்றிக் கேட்டு அறிக. அட்டை, எழுத்து, படம், மணம் ஆகியவற்றுள் எவை இன்னும் அவர்கள் நினைவில் உள்ளன? பத்துத் தொடர்களில் எழுதுக.
2. வீட்டில் வழங்கும் ஒரு கதையை இரண்டு தாள்களில் எழுதுக. ஒன்றில் இடைவெளியின்றி நெருக்கியும், மற்றொன்றில் தலைப்பு, பத்தி, படம் ஆகியவற்றோடும் அமைக்க. வகுப்பில் ஒரு குழுவிற்கு ஒன்றாக அளித்து, மறுநாள் ஒவ்வொரு குழுவும் நினைவில் கொண்டவற்றை ஒப்பிட்டு அறிக்கை எழுதுக.